முயற்சிக்கும் ஒரு கூலி: மாணவர் ஆக்கங்களை மதிப்பிட்ட மரபு

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளிக்கூடத்தின் கண்காட்சிக்கு நடுவராக வருமாறு என்னை அழைத்திருந்தனர். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ‘அறிவியலில் முஸ்லிம்கள்’ என்னும் பொருளில் செய்து வந்த செயல்திட்டங்கள் மேசைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தெர்மகோலில் செதுக்கி, வண்ணம் தீட்டி, உள்ளே சிறு விளக்குகள் எரியும்படி அமைத்த ஒரு வானாய்வுக் கூடம் எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தது. அதற்கு அடுத்த மேசையில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களையும் ஒரு ரப்பர்க் குழாயையும் கொண்டு ஒரு சிறுமி செய்த நீர்க்கடிகாரம் இருந்தது. அது ஒழுகியது. நேரத்தையும் சரியாகக் காட்டவில்லை. பக்கத்தில் அடித்தலும் திருத்தலுமாக ஒரு குறிப்பேடு கிடந்தது. அதனைப் புரட்டினேன், படிக்கவில்லை. ஐம்பது மதிப்பெண்ணுக்கு வானாய்வுக் கூடத்திற்கு நாற்பத்திரண்டும் நீர்க்கடிகாரத்திற்கு இருபத்து மூன்றும் இட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டேன். வானாய்வுக் கூடம் கடைத்தெருவில் பணம் கொடுத்துச் செய்வித்தது என்பது பிறகே தெரிய வந்தது.

அன்று நான் அளந்தது எதனை? செய்து முடிக்கப்பட்ட பொருளையா, அதனைச் செய்தவரின் உழைப்பையா? இந்தக் கேள்வி இக்காலக் கல்வியாளர்கள் புதிதாகக் கண்டெடுத்தது அன்று. அறிவுத் தேட்டத்தை வணக்கமாகவே கருதிய ஒரு சமுதாயம், மாணவனின் முயற்சிக்கும் சுயசிந்தனைக்கும் எவ்வாறு மதிப்பளித்தது என்பதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதும் பெருமைக்குரியது என்று கூறுவதற்கில்லை, ஆயினும் அறியத்தக்கது.

தீர்ப்பளிப்பவர் பற்றிய நபிமொழி ஒன்று யாவரும் அறிந்ததே. ஆய்ந்து தீர்ப்பளித்து, அது சரியாக அமைந்துவிட்டால் அவருக்கு இரண்டு கூலிகள். ஆய்ந்தும் தவறிவிட்டால் ஒரு கூலி என்று அது அறிவிக்கின்றது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. விடை தவறாயினும் முயற்சிக்குக் கூலி உண்டு என்னும் கொள்கையை இதைவிடத் தெளிவாக உரைத்தல் அரிது. எனினும் அறிஞர்கள் இதனைத் தாராளமாக விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 388இல் (கி.பி. 998) மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) இதற்கு விளக்கம் எழுதும்போது இரண்டு வரம்புகளை இடுகின்றார். முதலாவது, தவறியவருக்குக் கிடைக்கும் கூலி தவறுக்கானதன்று. உண்மையைத் தேடிய உழைப்புக்கானது. இரண்டாவது, அந்த உழைப்புக்குரிய கருவிகளைக் கைவரப் பெற்றவருக்கே இந்தக் கூலி உரியது; அறியாமல் துணிந்து தீர்ப்பளிப்பவருக்கு உரியதன்று. ஆக, ‘ஏதோ செய்தான், பாவம், ஒரு மதிப்பெண் போடுவோம்’ என்னும் இரக்கத்துக்கு இந்த ஹதீஸில் இடமில்லை. உழைப்பு உண்மையானதா என்று பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு ஒருவர் இருக்கவேண்டும். இந்த இரண்டாவது தேவையே நமது பொருளின் மையம் என்று கருதுகின்றேன்.

வினா எழுப்பி மாணவரைச் சோதிப்பதற்கும் நபி (ஸல்) அவர்களின் அவையிலேயே முன்மாதிரி உண்டு. இலை உதிராத ஒரு மரம், அது ஒரு முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எதுவெனக் கூறுங்கள் என்று அவர்கள் கேட்டபோது தோழர்கள் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தனர். அது பேரீச்சமரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் பட்டது. அவையில் மிக இளையவராக இருந்ததால் நாணி வாய் திறக்கவில்லை. பின்னர் தந்தையார் உமர் (ரலி) அதனை அறிந்து, நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உவப்பாக இருந்திருக்கும் என்றார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதனைக் கல்வி பற்றிய பகுதியில் இட்டு, தலைவர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புதல் என்று தலைப்பும் கொடுத்திருக்கின்றார். மனப்பாடத்தைச் சோதிக்கும் வினா அன்று அது. கேட்டவர் எவருக்கும் அதன் விடை முன்னரே கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. கண்ணால் கண்டதைக் கருத்தோடு இணைத்துப் பார்க்கச் செய்த வினா.

சட்டக்கலை வளர்ந்த காலத்தில் இந்தப் போக்கு இன்னும் கூர்மை பெற்றது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 150 / கி.பி. 767) அவர்களின் கூஃபா நகர் அவையில் ஒரு பிரச்சினை முன்வைக்கப்பட்டால் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் கருத்தைக் கூறி வாதிடுவர். முடிவு எட்டப்பட்ட பிறகே அது எழுதப்படும். ஹனஃபீ சட்ட நூல்களைப் புரட்டுவோர், எத்தனையோ இடங்களில் அபூயூசுஃப், முஹம்மத் அஷ்ஷைபானீ ஆகிய மாணவர் இருவரும் ஆசிரியரோடு மாறுபடுவதையும், அந்த மாறுபாடு மறைக்கப்படாமல் பெயர் சொல்லிப் பதியப்பட்டிருப்பதையும், சிலவிடத்து மாணவரின் கருத்தே ஃபத்வாவுக்குரியதாக ஏற்கப்பட்டிருப்பதையும் காண்பர். ஆசிரியரோடு மாறுபட்டதற்காக மதிப்பு குறைக்கப்படாத ஒரு வகுப்பறை அது.

அதே அவையைப் பற்றிக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி, சோதனை என்பது எவ்வாறு அமையலாம் என்பதற்கு நல்ல சான்றாகும். அபூயூசுஃப் (ரஹ்) நோயுற்று எழுந்த பின்னர், தமக்குப் போதிய அறிவு வந்துவிட்டது என்று கருதித் தனியாக ஓர் அவையை அமைத்துக்கொண்டாராம். ஆசிரியர் ஓர் ஆளை அனுப்பி அவரிடம் ஒரு வினாவைக் கேட்கச் செய்தார். துணி வெளுப்பவரிடம் ஒருவர் துணி கொடுக்கின்றார். திரும்பக் கேட்கும்போது, எனக்கு நீ எதுவும் தரவில்லை என்று வெளுப்பவர் மறுத்துவிடுகின்றார். பிறகு மனம் மாறி, வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுக்கின்றார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்று அபூயூசுஃப் கூறினால், தவறு என்று சொல். இல்லை என்றாலும், தவறு என்று சொல் என்பதே வந்தவருக்கு இடப்பட்ட கட்டளை. அபூயூசுஃப் இரண்டும் கூறி, இரண்டும் தவறெனக் கேட்டு, உடனே எழுந்து ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் உரிமையாளருக்காக வெளுத்ததாகும், ஆகவே கூலி உண்டு. மறுத்த பிறகு வெளுத்திருந்தால் தனக்காக வெளுத்துக்கொண்டதாகும், கூலி இல்லை என்று ஆசிரியர் விளக்கினார். ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகளுக்கும் சுழியம் இட்ட இந்த வினாத்தாளை, கட்டங்களை நிரப்பிவிட்டு எழுந்து செல்லும் இன்றைய நுழைவுத் தேர்வுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகின்றது. விடையின் பின்னேயுள்ள வினவலைத்தான், அதாவது எப்போது வெளுத்தார் என்று திருப்பிக் கேட்கும் ஆற்றலைத்தான் அது தேடியது.

ஐந்தாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் மத்ரஸாக்கள் நிறுவன வடிவம் பெற்றன. நிழாமுல் முல்க் கட்டிய பக்தாத் நிழாமிய்யா கி.பி. 1067இல் திறக்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளில் சட்டம் பயின்ற மாணவன் என்ன செய்தான் என்பதை ஜார்ஜ் மக்திஸீ 1981இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஆசிரியரின் பாடங்களைக் கேட்டு, குறித்து, ஒழுங்குபடுத்தி, மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து மாணவன் தனக்கென ஒரு நூலை ஆக்கிக்கொள்வான். அதற்குத் ‘தஃலீகா’ என்று பெயர். அடிப்படைச் சட்டக் கல்விக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். அதன் பிறகும் ஆசிரியரோடு தங்கிப் பயில்வான். சக மாணவரோடு வாதம் புரிவான். இறுதியில் கற்பிக்கவும் ஃபத்வா வழங்கவும் ‘இஜாஸா’ என்னும் அனுமதி கிடைக்கும். அதில் எண் இல்லை, தரவரிசை இல்லை. இன்னார் என்னிடம் இன்னின்னவற்றைப் பயின்றார், இதற்குத் தகுதி பெற்றார் என்று ஆசிரியர் தம் பெயரைப் பிணையாக வைத்துக் கூறும் சாட்சியம் மட்டுமே உண்டு. மத்ரஸாவுக்கு உரியதன்று இஜாஸா, ஆசிரியருக்கு உரியது.

தஃலீகா எவ்வளவு அருமையானது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. ஜுர்ஜானில் பயின்று, தம் குறிப்புகளைச் சுமந்துகொண்டு தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் வழிமறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர். கஸ்ஸாலி அவர்களைப் பின்தொடர்ந்து சென்று, உங்களுக்குப் பயன்படாத அந்தக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுங்கள், அவற்றுக்காகவே ஊரைவிட்டுச் சென்றேன், அவற்றில்தான் என் அறிவு இருக்கின்றது என்று மன்றாடினார். கொள்ளையர் தலைவன் நகைத்து, நாங்கள் எடுத்துக்கொண்டதும் அறிவில்லாதவனாய் நிற்கும் நீ, அதனை அறிந்தவன் என்று எவ்வாறு சொல்லிக்கொள்கின்றாய் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். அதன்பின் மூன்று ஆண்டுகள் அக்குறிப்புகளை உள்ளத்தில் பதித்துக்கொள்ளவே செலவிட்டதாக ஸுப்கீ (ரஹ்) தமது வரலாற்று நூலில் பதிந்துள்ளார். மதிப்பீடு செய்வோரில் இவ்வளவு கறாரானவர் வேறு எவரும் அவருக்கு வாய்த்திருக்க மாட்டார்.

கதையின் மறுபாதி நைஸாபூரில் நடக்கின்றது. அங்கே இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 478 / கி.பி. 1085) அவர்களிடம் பயின்றபோது, ஆசிரியரின் சட்டக் கோட்பாட்டுப் பாடங்களை ஒழுங்குபடுத்தி ‘அல்மன்கூல்’ என்னும் நூலைக் கஸ்ஸாலி ஆக்கினார். அதன் இறுதியில், ஆசிரியரின் பாடக் குறிப்புகளில் இருப்பதோடு நிறுத்திக்கொண்டதாகவே அடக்கத்துடன் கூறுகின்றார். ஆனால் ஆசிரியரோ அதனைப் பார்த்துவிட்டு, நான் உயிரோடிருக்கும்போதே என்னைப் புதைத்துவிட்டாயே, நான் சாகும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கூறியதாக வரலாற்றாசிரியர் உரைப்பர். அந்நூல் எழுதப்பட்ட காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், வகுப்புக் குறிப்பாகத் தொடங்கிய ஒரு மாணவ ஆக்கம் ஆசிரியரையே மறைத்துவிடும் நூலாக வளரலாம் என்பதையும், அதற்குப் பரிசாக ஒரு பெருமூச்சும் ஒரு வேடிக்கைச் சொல்லும் போதுமானதாக இருந்தது என்பதையும் அந்தச் சமுதாயம் நினைவில் வைத்துப் போற்றியது.

இவற்றைக் கூறிவிட்டு, நம் முன்னோரிடம் தேர்வே இருக்கவில்லை என்று பெருமை பேசுவது சரியாகாது. உயிர் சம்பந்தப்பட்ட துறையில் அவர்கள் தேர்வு வைத்தனர். கி.பி. 931இல் பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்துவிடவே, கலீஃபா முக்ததிர் நகரத்து மருத்துவர் அனைவரையும் சோதித்து அனுமதி வழங்குமாறு ஸினான் இப்னு ஸாபித்துக்கு ஆணையிட்டார். புகழ்பெற்றவர்களும் அரசுப் பணியில் இருந்தவர்களும் நீங்கலாகச் சோதனைக்கு வந்தவர்கள் 860 பேருக்கு மேல். அவர்களுள் நல்ல உடையும் தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் பொற்காசுகளை முன்னே வைத்துவிட்டு, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் குடும்பம் இந்தத் தொழிலால்தான் பிழைக்கின்றது என்று ஒப்புக்கொண்டார். தெரியாத நோயில் கை வைப்பதில்லை, இரத்தம் குத்தி எடுப்பதோ பேதி மருந்து கொடுப்பதோ எளிய நோய்க்கன்றிச் செய்வதில்லை என்ற நிபந்தனையோடு ஸினான் அவரை விட்டுவிட்டார். கருணையும் கண்டிப்பும் கலந்த இந்தத் தீர்ப்பைச் சரியென்று கூற எனக்கு மனம் வரவில்லை. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது தவறே. ஆயினும், எதிரே அமர்ந்திருந்த மனிதரைப் பார்த்து வழங்கப்பட்ட தீர்ப்பு என்பதில் ஐயமில்லை.

இஜாஸா முறையும் காலப்போக்கில் நலிவுற்றது. அறிவிப்பாளர் தொடரைச் சுருக்கிக்கொள்ளும் ஆவலில், பேச்சே வராத குழந்தைகளுக்கும் ஹதீஸ் அறிவிக்கும் இஜாஸாக்கள் பெற்று வைக்கப்பட்டன. நேரில் பாராதவருக்குக் கடிதம் மூலமும் வழங்கப்பட்டன. இதன் செல்லுபடி பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களே விவாதித்திருக்கின்றனர். டமாஸ்கஸைச் சேர்ந்த ஸைனப் பின்த் அல்கமால் (இறப்பு ஹிஜ்ரி 740 / கி.பி. 1339) அம்மையார் குழந்தைப் பருவத்திலேயே பல இஜாஸாக்களுக்கு உரியவரானவர், பின்னாளில் முதுமைவரை அமர்ந்து எண்ணற்ற மாணவர்களுக்கு ஹதீஸ் போதித்து அந்தத் தாள்களுக்குப் பொருள் தேடிக்கொடுத்தார். எல்லோரும் அவ்வாறு செய்யவில்லை. பார்க்காமல் வழங்கப்படும் சான்று இஜாஸா என்னும் பெயரைத் தாங்கினாலும் வெற்றுத்தாளே.

இந்திய மண்ணில் இம்மரபு தென்கோடிவரை வந்து சேர்ந்தது. லக்னோவின் ஃபிரங்கி மஹல்லில் முல்லா நிழாமுத்தீன் (இறப்பு 1748) வகுத்த பாடத்திட்டமே ‘தர்ஸே நிழாமி’ என வழங்குவது. ஒவ்வொரு கலையிலும் மிகக் கடினமான ஒன்றிரண்டு நூல்களை மட்டும் ஆழ்ந்து பயிற்றிவிட்டால் ஏனையவற்றை மாணவன் தானே படித்துக்கொள்வான் என்பது அதன் அடிப்படை. மாணவனின் சொந்த முயற்சியை நம்பி அமைந்த திட்டம் அது. அவருடைய மைந்தர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) வட நாட்டில் பல ஊர்களில் கற்பித்துவிட்டு, ஆற்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணி புரிந்தார். 1810இல் மறைந்த அவர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியுள்ளார். அந்தப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியேறுவோரில் எத்தனை பேர் அங்கே அடங்கியிருப்பவர் யாரென்று அறிவார்கள் என்று தெரியவில்லை.

அதே நகரத்தில், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள், முற்றிலும் வேறான ஓர் அமைப்பு எழுந்தது. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிய இவை தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்கள். கற்பித்தவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். மதிப்பிடுபவர் மாணவனின் முகத்தைக் கண்டதில்லை, பெயரையும் அறியார், ஓர் எண்ணை மட்டுமே அறிவார். இதில் நீதியின் ஒரு கூறு இருக்கின்றது என்பதை மறுக்கலாகாது. பெயர் தெரியாதபோது குலமும் செல்வமும் தெரியாமற்போகின்றன. ஆசிரியரின் தயவை நாடி நிற்கவேண்டிய நிலைமையும் நீங்குகின்றது. இஜாஸா மரபில் ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு ஆளான மாணவனுக்கு முறையீடு செய்ய இடமிருக்கவில்லை. ஆனால் இந்த நீதிக்குக் கொடுத்த விலை பெரிது. மூன்று மணி நேரத்தில் தாளில் எழுதமுடிந்தது மட்டுமே அறிவு என்றாயிற்று. எழுத முடியாதவை அனைத்தும், அதாவது தேடல், தடுமாற்றம், திருத்தம், புதிதாக ஒன்றைக் கண்ட மகிழ்ச்சி ஆகியவை, கணக்கில் வராமற்போயின. ஸையித் ஹுஸைன் பில்கிராமி உறுப்பினராக இருந்த 1902ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகக் குழுவே, தேர்வுக்காகக் கற்பித்தல் என்பதாக நிலைமை தலைகீழாகிவிட்டதைக் கண்டித்தது. மத்ரஸாக்களும் தப்பவில்லை. 1866இல் தொடங்கப்பட்ட தேவ்பந்த் தாருல் உலூம், பழைய பாடநூல்களை வைத்துக்கொண்டே வகுப்புகள், ஆண்டுத் தேர்வு, பரிசளிப்பு என்னும் புதிய ஒழுங்கை மேற்கொண்டது.

இதற்கு ஒரு மறுமொழி முஸ்லிம்கள் நடத்திய ஒரு நிறுவனத்திலிருந்தே எழுந்தது என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்களின் வேகத்தில் 1920 அக்டோபர் 29இல் அலிகரில் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா 1925இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஸாகிர் ஹுஸைன் 1926இல் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். அப்போது அதனிடம் பணமும் இல்லை, அரசு அங்கீகாரமும் இல்லை. மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறுவதில்லை, இருபது ஆண்டுகள் பணிபுரிவது என்று உறுதி பூண்ட ஆசிரியர்களே அதன் செல்வம். 1935இல் ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் எந்தத் தலைவரும் அல்லர். பள்ளியிலேயே மிகச் சிறிய மாணவன்.

அந்தத் தொடக்கப் பள்ளியில் அப்துல் கஃப்பார் முத்ஹோலி என்னும் ஆசிரியர் செயல்திட்ட முறையைக் கையாண்டார். அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை அது. ஜாமிஆவின் பிள்ளைகள் தாங்களே ஒரு வங்கி நடத்தினர், கடை நடத்தினர், கோழி வளர்த்தனர், தோட்டமிட்டனர். கணக்கும் மொழியும் அந்தப் பணிகளின் ஊடாகவே வந்தன. முத்ஹோலி பின்னாளில் ‘ஜாமிஆ கீ கஹானி’ என்று உருதுவில் எழுதிய நூல் இம்முயற்சிகளைப் பதிந்து வைத்துள்ளது. வங்கிக் கணக்கு சரியாக வருகின்றதா என்பதை ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை. மாலையில் பெட்டியில் இருக்கும் காசு சொல்லிவிடும்.

ஸாகிர் ஹுஸைனின் சிந்தனை இங்கேதான் தனித்து நிற்கின்றது. முனிச் நகரப் பள்ளிகளை நடத்திய கெர்ஷன்ஸ்டைனர் என்னும் ஜெர்மானியக் கல்வியாளரின் பாதிப்பு அவரிடம் மிகுதி. கெர்ஷன்ஸ்டைனர் அடிக்கடி எடுத்தாண்ட உதாரணம் ஒரு சிறுவன் செய்யும் பறவைக் கூடு. பலகையை எப்படி வெட்டினால் வீணாகாது என்று அவன் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கின்றான், வரைகின்றான், அறுக்கின்றான், பொருத்துகின்றான். பொருந்தவில்லையாயின், எங்கே பிசகினான் என்பதை அந்தப் பலகையே அவனுக்குக் காட்டிவிடுகின்றது. எல்லாக் கைவேலையும் கல்வி ஆகிவிடாது என்று ஸாகிர் ஹுஸைன் வலியுறுத்தி வந்தார். நோக்கத்தைத் தெளிவாக உணர்தல், அதற்குத் திட்டமிடல், நிறைவேற்றல், பின்னர் தன் வேலையைத் தானே கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்தல் என்னும் நான்கு படிகளும் கொண்ட வேலையே கல்வி. நான்காவது படி இல்லையேல் அது வெறும் உழைப்பு, கூலிக்காரனின் உழைப்பு. இந்த நான்காவது படியைப் படிக்கும்போது, கொள்ளையர் தலைவனின் கேள்விக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் தன்னையே சோதித்துக்கொண்ட தூஸ் நகரத்து இளைஞரின் நினைவு வருகின்றது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில் ஸாகிர் ஹுஸைன் வெளிப்படையாகச் சில மறுப்புகளைக் கூறினார். மறுத்தவரையே பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே வந்த அந்தக் குழுவின் அறிக்கை, நடைமுறையிலிருந்த தேர்வு முறையைக் கல்விக்கு நேர்ந்த சாபம் என்ற அளவில் சாடியது. கைத்தொழிலின் பொருளாதாரப் பயனை மட்டும் பார்த்துக் கல்விப் பயனை மறந்துவிடும் ஆபத்தையும் எச்சரித்தது. எச்சரித்த அதே அறிக்கையின் பாடத்திட்டம், எந்த வகுப்பில் மாணவன் எவ்வளவு நூல் நூற்கவேண்டும் என்று அளவும் குறித்திருந்தது. பின்னர் நாட்டின் பல இடங்களில் ஆதாரப் பள்ளிகள் வந்தபோது சிந்தனை பின்னே நின்றது. நூலின் அளவு முன்னே வந்தது. எண்ணக்கூடியது எண்ணமுடியாததை விழுங்கிவிடும் என்பதற்கு, எண்ணிக்கையை எதிர்த்தவர்களின் திட்டமே சான்றாகிவிட்டது. முஸ்லிம் லீகின் எதிர்ப்பு, அரசியல் பிளவு என்று வேறு காரணங்களும் அத்திட்டத்தின் தோல்விக்கு உண்டு. அவை தனிக் கட்டுரைக்குரியவை.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு அறிமுகமானபோது, நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்கள் வளரறி மதிப்பீட்டுக்கென ஒதுக்கப்பட்டன. செயல்பாடுகளும் செயல்திட்டங்களும் அதில் இடம்பெற்றன. கொள்கையளவில் இது ஒரு பழைய கடனைத் திருப்பிச் செலுத்துவதாகும். நடைமுறையில் எழுதுபொருள் கடைகளில் ஆயத்தச் செயல்திட்டங்கள் தொங்கத் தொடங்கின. ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகளின் வேலையை, அது வளரும்போதே அருகிருந்து பார்ப்பதற்கு அவருக்கு நேரம் இல்லை. அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அவையில் வாதம் பல நாள் நீண்டதாம். நமது ஆசிரியருக்கு வாய்ப்பது நாற்பது நிமிடம்.

எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. அன்றைய கண்காட்சியில் ஒரு முழு முற்பகல் என் கையில் இருந்தது. செய்தி அறிந்த பிறகு அந்தப் பள்ளிக்கு மீண்டும் சென்று, நீர்க்கடிகாரச் சிறுமியின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மேல் பாட்டிலிலிருந்து கீழ் பாட்டிலுக்கு ஒவ்வொரு கோப்பை அளவு தண்ணீர் இறங்க எத்தனை விநாடி ஆகின்றது என்று பதினொரு முறை அளந்து எழுதியிருந்தாள். முதல் கோப்பை விரைவாக இறங்குகின்றது, கடைசிக் கோப்பை மெதுவாக இறங்குகின்றது. துளை அடைத்துக்கொண்டதோ என்று எண்ணிக் குழாயை மாற்றியும் அவ்வாறே இருக்கின்றது. தண்ணீர் குறையக் குறைய வேகம் குறைகின்றது போலும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. நேரத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று நான் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கான காரணத்தை, எனக்கு முன்பே அவள் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தாள்.

அல்ஜஸரீ கி.பி. 1206இல் எழுதி முடித்த இயந்திர நூலின் முதல் கடிகாரத்திலேயே இந்தச் சிக்கல்தான் பேசப்படுகின்றது. நீர்மட்டம் தாழாமல் காக்க மிதவை ஒன்றை அமைத்து அதனை அவர் தீர்க்கின்றார். முன்னோர் சொன்ன ஒழுக்குக் கருவி சரியாக இயங்கவில்லை என்பதையும், தாம் மீண்டும் மீண்டும் சோதித்து அளவுகளைத் திருத்திக்கொண்டதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். அந்தப் பகுதியைத் தமிழில் எழுதிச் சிறுமிக்கு அனுப்பினேன். மதிப்பெண் பட்டியலைத் திருத்த முடியுமா என்று கேட்டதற்கு, அது ஏற்கெனவே மேலிடத்துக்குச் சென்றுவிட்டது என்றார்கள்.